கனகமணி டீச்சர் விட்டுவைத்த புள்ளிகள்

சிவகாசி சண்முகவேல் லித்தோ அச்சகத்தின் தொழிலாளர் பதிவேட்டில், 1957ஆம் ஆண்டுப் பக்கத்தின் பதினேழாவது வரி இப்படிச் சொல்கிறது: "பெயர்: பொ. கனகமணி. பால்: பெண். வேலை: தூசி நீக்குதல். படிப்பு: தேவையில்லை. தேர்ச்சி: தேவையில்லை. வழங்கப்பட்ட கருவி: துடைப்பம், ஒன்று."

இதில் பெயரும் பாலும் சரி. மற்றதெல்லாம் கணக்குப்பிள்ளையின் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவர், "இந்த அம்மா என்ன வேலை பாக்காக?" என்று முதலாளி சண்முகவேலிடம் கேட்டார். மிஷின் சத்தத்தில் முதலாளி, "தூசி எடுக்காக" என்று உண்மையைத்தான் கத்தினார். உண்மையைக் கேட்டுக்கொண்ட கணக்குப்பிள்ளை, தூசி எடுப்பதற்கு எது வேண்டுமோ அதைக் கருவி என்ற கட்டத்தில் எழுதினார். எழுதிய பிறகு கொடுக்காமல் இருந்தால் தப்பாகிவிடும் அல்லவா? எனவே துடைப்பம் ஒன்று வாங்கிக் கையெழுத்தும் பெற்றுக்கொண்டு கொடுத்தார். கனகமணி அதைத் திருத்தங்கலில் இருந்த தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். இரண்டு வருடம் நன்றாக உழைத்தது.

அவர் ஆசிரியப் பயிற்சி முடித்தவர். திருத்தங்கலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்தார். அறுபது பிள்ளைகளுக்கு மேல் குரலை ஏற்றி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததில் தொண்டை கெட்டது. மதுரை டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் உரக்கப் பேசினால் ஒரேயடியாகப் பேச்சு போய்விடும் என்றார். மெல்லப் பேசுகிற டீச்சரை மூன்றாம் வகுப்பு எப்படி நடத்தும் என்பது தெரிந்ததுதான். ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு வேலையை விட்டார். ஊரிலேயே அதிகமாக இரையும் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே எவர் பேச்சும் எவர் காதிலும் விழாது. ஆகையால் எல்லோரும் பக்கத்தில் வந்து குனிந்துதான் கேட்க வேண்டும். கத்திய காலத்தில் அறுபது பேரில் பாதிப் பேர்கூடக் கேட்கவில்லை. கிசுகிசுக்கத் தொடங்கியதும் ஓர் அச்சகமே கேட்டது.

வேலை என்னவென்றால், புள்ளி அடைப்பது. காலண்டர் படமோ தீப்பெட்டி லேபிளோ, கேமராவில் எடுத்த கண்ணாடித் தகட்டில் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள் விழுந்திருக்கும். தூசி உட்கார்ந்த இடம் அது. அடைக்காமல் விட்டால் ஒவ்வொன்றும் அச்சில் ஒரு கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். கனகமணி வருவதற்கு முந்தைய வருடம், விருதுநகர் எண்ணெய் வியாபாரி ஒருவருக்கு அடித்த காலண்டரில் மகாலட்சுமியின் மூக்கு நுனியில் அப்படி ஒரு புள்ளி விழுந்துவிட்டது. "லட்சுமிக்குப் பருவா வரும்? என் கடைக்கு வந்தாத்தான் வருமா?" என்று கேட்டுவிட்டு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினார். அதன் பிறகுதான் புள்ளி அடைக்க என்றே ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது.

கீழே பல்பு எரியும் கண்ணாடி மேஜை, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் ஒரு பூதக்கண்ணாடி, மூன்றே மயிர் கொண்ட ஒரு தூரிகை, ஒபேக் என்று அங்கே சொல்லப்படும் செம்பூச்சு. கனகமணியின் கருவிகள் இவைதான். மற்ற அச்சகங்களில் தகட்டில் படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கத்திலேயே பூசுவார்கள். இவர் தகட்டைப் புரட்டி வெறும் கண்ணாடிப் பக்கத்தில்தான் பூசுவார். சிலேட்டில் பழகிய கை. எழுதியது தப்பென்றால் ஈரத்துணியால் துடைக்க முடிய வேண்டும். எந்தப் பக்கம் மருந்து என்று அறிய, தகட்டின் ஓரத்தைக் கீழுதட்டு ஈரத்தில் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் மருந்து, வழுக்கினால் கண்ணாடி. "டீச்சரம்மா முருகனுக்கு முத்தங் குடுக்காக" என்று கேமரா பார்க்கும் சோணைமுத்து கேலி செய்வார். "அவரு நல்ல எடத்துல பொறந்தவரு. ஒம்ம மாதிரி பீடி குடிக்கலை" என்று பதில் வரும், கிசுகிசுப்பாக.

1966ஆம் வருடம் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதுரைக் கல்லூரி ஒன்றில் வானியல் படிப்பிக்கும் பேராசிரியர் லட்சுமிகாந்தம் அச்சகத்துக்கு வந்தார். மடியில் ஒரு மரப்பெட்டி. பஸ்ஸில் பக்கத்து ஆளிடம்கூடக் கொடுக்காமல் வைத்திருந்ததாகச் சொன்னார். உள்ளே இரண்டு கண்ணாடித் தகடுகள். வெளிநாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கியில் ஒரு வருடம் அவர் எடுத்த படங்களின் பிரதிகள். மூலம் அந்த ஊருக்குச் சொந்தம். ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இவருக்கு அனுமதி. பத்து நாளில் ஒரு மாநாடு. அதில் இவர் வாசிக்கும் கட்டுரையோடு இரண்டு படங்களும் அச்சாகிப் புத்தகமாக வர வேண்டும்.

"இது நம்ம பக்கத்து கேலக்ஸி" என்றார் முதலாளியிடம். "பக்கம்னா, அங்கேருந்து வெளிச்சம் வந்துசேர இருபது லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும்."

"பரவால்ல சார். நம்ம பேப்பர் லோடு வர்றதுக்கு இது தேவல."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். தூசி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. போன வருஷம் வேற எடத்துல அடிச்சேன். மாநாட்டுல ஒருத்தர் எழுந்திரிச்சு, அந்தப் பெரிய நட்சத்திரத்தோட பேர் என்னன்னு கேட்டார். அது கொசு."

முதலாளி நெஞ்சைத் தொட்டு வாக்குக் கொடுத்தார். பேராசிரியர் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கிளம்பும்போது பெட்டியை வாங்கிக்கொண்ட சோணைமுத்துவிடம் மட்டும் கால் மணி நேரம் நின்று பேசினார். என்ன பேசினார் என்பது அன்று யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. உள் அறையில் இருந்த கனகமணிக்கு முதலாளி சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "ஏதோ வானத்துல மேகம் மாதிரிப் படமாம். தூசி ஒண்ணுகூட இருக்கக் கூடாதாம். டீச்சர் பாத்துக்கிடுங்க."

சனிக்கிழமை காலை கனகமணி தகடுகளை மேஜையில் வைத்தார். முதல் தகடு நல்ல பிள்ளை. சுழித்த கோலம் போல ஒரு வெண்மேகம், சுற்றிலும் அங்கங்கே பளிச்சென்று சில நட்சத்திரங்கள். இரண்டாவது தகட்டிலும் அதே மேகம்தான். ஆனால் சுழியின் கைகள் நெடுகிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள், ரவையைக் கொட்டினாற்போல. இவ்வளவு கேவலமாகத் தூசி விழுந்த தகட்டை ஒன்பது வருடத்தில் அவர் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கேமரா அறையைப் பெருக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். உதட்டில் வைத்துப் பார்த்தார். வழுக்கியது. சரி, கண்ணாடிப் பக்கம் என்று தூரிகையை எடுத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகளை அடைத்தார். சுழியின் ஒரு கை மழுமழுவென்று ஆகிவிட்டது. இருநூற்றுப் பதின்மூன்றாவது ஓட்டையின் மேல் தூரிகையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

அது வட்டமாக இல்லை. வடமேற்காக ஒரு மயிரிழை நீண்டு, எள்ளு போல இருந்தது. பக்கத்து ஓட்டையும் அப்படியே. அடுத்ததும் அதே பக்கம் சாய்ந்த எள். காகிதம் ஒரு நூல் நகர்ந்துவிட்டால் படத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம்தான் நகரும் என்று அச்சகத்தில் எந்த ஆளுக்கும் தெரியும். ஆனால் தூசி அப்படி விழாது. நூறு தூசி விழுந்தால் நூறும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக் கிடக்கும். ஒரே பக்கம் சாய்ந்தவை படம் எடுக்கும்போதே கேமராவுக்குள் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். கேமரா லேசாக அசைந்திருக்கிறது, எல்லாம் சேர்ந்து அசைந்திருக்கின்றன.

"சோணைமுத்து," என்றார். கேட்கவில்லை. எழுந்து போய்த் தோளைத் தொட்டார். "ரெண்டாம் தகட்டுல இருக்க பொடிப் புள்ளியெல்லாம் என்னன்னு அந்த சார் ஏதும் சொன்னாரா?"

"சொன்னாரே. அம்புட்டும் நட்சத்திரமாம். புதுசாப் பொறந்ததாம். மத்ததவிட ரொம்பச் சூடாம், அதனால கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதுல சாஸ்தியாம். நம்ம ஆர்க் லைட்டு மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

ஆர்க் லைட் என்றதும் கனகமணிக்குப் பாதி புரிந்தது. துத்தநாகத் தகட்டில் பூசிய மருந்தை இறுக வைக்கும் விளக்கு அது. மஞ்சள் பல்பு நூறு போட்டாலும் அந்த மருந்து இறுகாது. ஆர்க் விளக்கின் ஊதாவுக்கும் அப்பால் உள்ள, கண்ணுக்குப் படாத வெளிச்சம்தான் வேலையைச் செய்கிறது. கண்ணுக்குப் படாதது கண்ணை எரிக்கும் என்பதை, விளக்கைத் துணி இல்லாமல் பார்த்த எல்லோரும் ஒருமுறை அறிந்திருந்தார்கள்.

"மொதத் தகடு மஞ்சக் கண்ணாடி போட்டு எடுத்ததாம், அதுல கெழட்டு நட்சத்திரமாத் தெரியுமாம். ரெண்டாவது, அந்த ஊதா வெளிச்சத்த மட்டும் விடுற கண்ணாடி போட்டு எடுத்தது. நட்சத்திரம் எங்கன எங்கன பொறக்குதுன்னு அதுலதான் தெரியுமாம். பிரசவ வார்டு மாதிரி. அதக் காட்டத்தான் சாரு மாநாட்டுக்கே போறாரு."

"இத ஏன்யா காலைல சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"இருநூத்திப் பன்னெண்டு புள்ளைகள மூடிட்டேன்யா."

சோணைமுத்துவுக்கு இது அவ்வளவு பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. "அதான் கண்ணாடிப் பக்கத்துல பூசுவீகளே. தொடச்சாப் போச்சு."

கனகமணியும் அந்த நினைப்பில்தான் பஞ்சை நனைக்கப் போனார். போகும் வழியில் ஒரு சந்தேகம் வந்தது. திரும்பி வந்து தகட்டை எடுத்து மறுபக்கத்தையும் உதட்டில் வைத்துப் பார்த்தார். வழுக்கியது. முதல் பக்கத்தை வைத்தார். அதுவும் வழுக்கியது. இரண்டு பக்கமும் பளபளவென்று ஒரே மாதிரி. கடல்காற்றில் கெடாமலிருக்க அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து அனுப்பியிருந்தார்கள். பூசியது எந்தப் பக்கம் என்பது இப்போது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மருந்துப் பக்கமாக இருந்தால் முடிந்தது. வார்னிஷில் ஒரு கீறல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கும். மே மாதத்துச் சிவகாசித் தண்ணீர். டிரம்மில் அள்ளினால் குளிக்கவே ஆறவைக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு மருந்து பாலாடை போல உரிந்து பஞ்சோடு வந்துவிடும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஒரு மனிதர் வருவார். அவர் மடியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததில், ஒரு வருடப் படிப்பில், பாதி இருக்காது.

"ஒண்ண மட்டும் தொடச்சுப் பாப்பமா?" என்றார் சோணைமுத்து.

"அந்த ஒண்ணு எதுன்னு நீரே சொல்லும்."

சோணைமுத்து குனிந்து பார்த்தார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வந்தவர் போலக் கையைக் கொண்டுபோய், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கனகமணி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. என்னவென்று கேட்பது என்பதுதான் தெரியவில்லை. கண்ணாடிப் பக்கமாக இருக்கட்டும் என்று இப்போது கேட்டால், காலையில் பூசியதை இப்போது மாற்றித் தரும்படி கேட்பதாகிறது. இதை ஆண்டவரிடம் கேட்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளை பரீட்சை முடிந்த பிறகு கேட்பதைப் போன்றது. எனவே வெறுமனே தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து குனிந்த கழுத்து வலித்தது. வலி பொறுக்காமல் தலையை இடது பக்கம் சாய்த்தார்.

ஒரு செம்புள்ளியின் ஓரத்தில் நூல் போல வெளிச்சம் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் சாய்த்தார். வெளிச்சம் பிறையானது. மேஜை மேல் கன்னம் படுகிற அளவுக்குச் சாய்த்தார். செம்புள்ளி ஒரு பக்கம் நகர, அதன் பின்னாலிருந்து சாய்ந்த எள்ளு முழுசாக வெளியே வந்தது. வலது பக்கம் போய்ச் சாய்ந்தார். அந்தப் பக்கமும் வந்தது. பூச்சும் நட்சத்திரமும் ஒரே பக்கத்தில் இருந்தால் எப்படிச் சாய்ந்து பார்த்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இவை நகர்கின்றன. நடுவே ஒரு கண்ணாடியின் கனம் இருக்கிறது. பூச்சு இந்தப் பக்கம், மருந்து அந்தப் பக்கம். வெளிநாட்டுக் கண்ணாடி, நல்ல தடிப்பு. இருநூற்றுப் பன்னிரண்டும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

"சோணைமுத்து, இங்கன வாரும். இப்படித் தலையச் சாயும். இன்னுங் கொஞ்சம்."

"ஏ ஆத்தாடி! உள்ளதான் ஒளிஞ்சு கெடக்குதுக!"

கனகமணி சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அன்று வெகுநேரம் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்க வைத்திருந்த மண்பானைத் தண்ணீரில் பஞ்சை ஒற்றிப் பிழிந்து, ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தார். எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

சிக்கல் என்னவென்றால், தூசியும் திரும்பி வந்துவிட்டது. தகடே ஒரு பிரதிதான். பிரதி எடுக்கும்போது விழுந்த தூசியும் வெள்ளை ஓட்டையாக, நட்சத்திரம் மாதிரியேதான் இருக்கும். பேராசிரியர் தூசி கூடாது என்று சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இப்போது கனகமணியிடம் ஓர் அளவுகோல் இருந்தது. பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு தகட்டின் ஒரு மூலையிலிருந்து தொடங்கினார். வடமேற்கே சாய்ந்தவர்களை வகுப்பில் உட்கார வைத்தார். வட்டமாகவோ வேறு பக்கம் திரும்பியோ நின்றவர்களை மட்டும் மூடினார். ஐந்து மணிச் சங்கு ஊதியபோது முழுத் தகட்டிலும் முப்பத்தொரு செம்புள்ளிகள் இருந்தன.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்கே போய் முதலாளி பேராசிரியரை வரவேற்றார். நல்ல மனிதர், நல்ல செய்தியைத் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். "ஒண்ணும் கவலைப்படாதீக சார். எங்க டீச்சரு சனிக்கிழமை முச்சூடும் ஒக்காந்து ரெண்டாம் தகட்டச் சுத்தமாத் தொடச்சிட்டாக. ஒரு புள்ளி பாக்கி இல்ல."

பேராசிரியர் பஸ் நிலையத்திலிருந்து அச்சகம் வரை ஓடினார். முதலாளி பின்னாலேயே, "காபி குடிச்சீகளா சார், காபி" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

உள் அறைக்கு வந்தவர் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தகட்டைப் பார்த்தார். சுழியின் கைகள் இருந்தன. ரவையும் இருந்தது. மூச்சு விட்டார். அதை அவர் பஸ் நிலையத்திலிருந்தே அடக்கி வைத்திருந்தார் போலிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, நட்சத்திரம் பிறக்கும் இடங்கள் என்று தாம் குறித்துவைத்திருந்த ஐம்பத்தெட்டு பிரகாசமான புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முகம் மாறியது.

"அம்மா, என்னோட ஐம்பத்தெட்டுல பதினொண்ண மூடியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இந்தப் பதினொண்ணும் எனக்கு ரொம்ப முக்கியம். மஞ்சத் தகட்டுல இந்த எடத்துல ஒண்ணுமே கெடையாது. ஊதாவுல மட்டுந்தான் தெரியுது. அப்படின்னா இருக்கறதுலயே இளசு இதுகதான். கட்டுரைல ஒரு பக்கம் முழுக்க இதப் பத்தித்தான்."

"சார், நீங்க கொஞ்சம் குனியணும். எனக்குத் தொண்ட சரியில்ல."

பேராசிரியர் குனிந்தார். கனகமணி பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். "நாப்பத்தேழும் ஒரே பக்கஞ் சாஞ்சிருக்கு, பாருங்க. பக்கத்துல இருக்க சாதா நட்சத்திரமும் அப்படியே. இப்ப தலையச் சாச்சு, நான் மூடுனதப் பாருங்க. இது வட்டம். இது தெக்கப் பாத்து நிக்கி. இதுக்கு வாலு இருக்கு. எல்லாம் ஒரே கேமராவுல, ஒரே அசைவுல வந்ததுன்னா இதுக மட்டும் எப்படி சார் அசையாம இருக்கும்?"

பேராசிரியர் பார்த்தார். தலையை இடம் சாய்த்தார், வலம் சாய்த்தார். இருபது நிமிஷம் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் அவருடைய பிரபஞ்சத்தில் மிக இளைய நட்சத்திரங்கள் பதினொன்றும் ஒவ்வொன்றாகத் தூசியாயின. ஒன்று கம்பளி இழை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அந்த ஊர்க் குளிருக்குப் போட்டிருந்த தம் சொந்த ஸ்வெட்டரை அவரால் அடையாளம் காண முடிந்தது.

நிமிர்ந்தபோது அழப்போகிறார் என்று சோணைமுத்து நினைத்தார். பேராசிரியர் சிரித்துவிட்டார்.

"நல்ல வேளை," என்றார். "நல்ல வேளை. மாநாட்டுல வாசிச்சிருந்தா! கொசு ஒண்ணுக்கே ஒரு வருஷம் தூங்கல நான்." நாற்காலியில் உட்கார்ந்து, "முதலாளி, அந்தக் காபி இருக்கா?" என்றார்.

புத்தகம் நேரத்துக்கு அச்சானது. கட்டுரையில் நாற்பத்தேழு இடங்கள் இருந்தன. ஒரு பக்கம் குறைவாக இருந்தது. யாரும் எழுந்து எதன் பெயரையும் கேட்கவில்லை என்று பேராசிரியர் போஸ்ட் கார்டு போட்டார். முன்னுரையின் கடைசியில் "அச்சகத்தாருக்கு நன்றி" என்று இருந்தது. கனகமணியின் பெயரைச் சேர்க்க அவர் கேட்டதும், டீச்சர் வேண்டாம் என்றதும், அச்சுக் கோத்தவர் இடம் போதாது என்று சொன்னதும் ஒரே நாளில் நடந்தன. யார் சொல்லி அந்தப் பெயர் விடுபட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

1968இல் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே உள் அறைக்கு வந்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த கனகமணியைப் பார்த்தார். பதினேழாவது வரியைப் பார்த்தார்.

"துடைப்பம் எங்கேம்மா?"

"தேஞ்சு போச்சு சார்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் புதுத் துடைப்பம் ஒன்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

1966 மே மாதம், கனகமணி ஒரு கண்ணாடித் தகட்டில் முப்பத்தொரு தூசிகளை மூடினார். நாற்பத்தேழு இடங்களில் பிறந்த நட்சத்திரங்களை மூடாமல் விட்டார்.